நாலு கேள்வி நர்ஸ்

அவசரப் பிரிவின் வாசல் மேசையில் உட்காரும் அந்த நர்ஸுக்கு 'நாலு கேள்வி' என்று பெயர் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் அவள் கேட்பது நாலே கேள்விதான். விழுந்தீங்களா? வீக்கம் இருக்கா? சும்மா இருக்கும்போதும் வலிக்குதா? கையை முழுசாத் தூக்க முடியுதா? முதல் மூன்றுக்கும் இல்லை, கடைசிக்கு ஆமாம் என்றால் 'எக்ஸ்ரே அவசியமில்லை' என்று சீட்டில் குறித்து டாக்டரிடம் அனுப்புவாள். டாக்டரும் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். படம் எடுத்தே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம், "உங்க எலும்பு நல்லாத்தான் இருக்கு. மனசுக்குப் படம் எடுக்குற மெஷின் இங்க இல்ல" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த வாய் வீட்டிலும் ஓயாது. சாப்பிடும்போது அன்றைய தோள்பட்டைகளின் கதையை ஒன்றுவிடாமல் சொல்வாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் உம் கொட்டிக்கொண்டே சாப்பிடுவார். எதையாவது காதில் வாங்குகிறாரா என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

வாங்கியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவரே அவள் மேசை முன்னால் வந்து நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததைப் பள்ளிக்கூட மேனேஜர் பார்த்துவிட்டாராம். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் வேனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

வேலை நேரத்தில் அவளுக்குப் புருஷனும் ஒன்று, போவோர் வருவோரும் ஒன்று.

"விழுந்தீங்களா?"

"இல்ல."

"வீக்கம்?"

"இல்ல."

"சும்மா இருக்கும்போது வலி?"

"சுத்தமா இல்ல."

"கையைத் தூக்க முடியுதா?"

"தாராளமா." சொன்னாரே தவிர, தூக்கவில்லை.

எழுதப் போனவள் பேனாவைக் கீழே வைத்தாள். நாலு கேள்விக்கும் இவ்வளவு சுருக்கமாக யாரும் பதில் சொன்னதே கிடையாது. மற்றவர்கள் முந்தாநாள் படுத்த தலையணையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"உள்ள வந்து சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு? அதான் எல்லாம் சொல்லிட்டேனே."

திரையை இழுத்துவிட்டு அவளே பட்டன்களைக் கழற்றினாள். வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு.

"எங்க விழுந்தீங்க?" ஆத்திரத்தோடு கேட்டாள்.

"வேன் ஷெட்டுல. இறங்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எக்ஸ்ரே வேணா எடு. விழுந்தேன்னு மட்டும் எழுதாதே. எழுதினா, ஏன் விழுந்தேன்னு கேப்பாங்க."

அவர் பயப்படுவது எலும்புக்கு இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எத்தனாவது தடவை?"

"மூணாவது."

"ஓட்டும்போது வந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவை. நல்லவேளை, சிக்னல்ல நின்னுட்டிருந்தேன்."

"வேன்ல எத்தனை பிள்ளைங்க?"

"பதினாலு."

அவள் சீட்டை எடுத்து 'எக்ஸ்ரே தேவை' என்று எழுதினாள். அதன் கீழே, 'கண் இருட்டி விழுந்தார். இதுவரை மூன்று முறை' என்று எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வலது பாக்கெட்டில் இருந்த வேன் சாவியை இடது கையால் எடுக்கப் படாதபாடு பட்டார். அவள் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மேனேஜருக்கு இப்பவே போன் போடு. மூணு மணிக்குப் பிள்ளைங்க விடுவாங்க. வேற ஆள் பாக்கணும்."