புள்ளிகள் எழவில்லை

என் சித்தி மகள் செல்விக்குக் கண் தெரியாது. இன்று ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல் என்று திருவாதவூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

திரையில் இருக்கும் எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பி, விரலால் தொட்டுப் படிக்க வைக்கும் ஒரு பிரெய்ல் கருவி வைத்திருக்கிறாள். அதை என் லேப்டாப்பில் செருகினேன். என்னைக் கேட்காமலேயே அதை இயக்க ஏதோ ஒரு டிரைவர் மென்பொருளைத் தானாகப் போட்டுக்கொண்டு, "கருவி தயார்" என்றது லேப்டாப்.

"அக்கா, ஒரு புள்ளிகூட எந்திரிக்கலயே."

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. திரையில் ஒரு பத்தியைக் காட்டிப் படிக்கச் சொன்னார் நேர்காணல் எடுத்த அதிகாரி.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள் செல்வி.

"பரவாயில்லம்மா, சொல்லி அனுப்புறோம்" என்று வைத்துவிட்டார்.

பிறகு அந்த டிரைவரை நீக்கிவிட்டுச் சரியானதை நானே போட்டேன். புள்ளிகள் எழுந்தன. செல்வி தடவிப் பார்த்தாள்.

"இப்ப நல்லா வருதுக்கா."



இப்படித் தானாகப் போட்டுக்கொள்வதை நிறுத்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த அதிகாரியை இன்னொருமுறை கூப்பிட வைக்க வழி இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.