ஜெலட்டின் படலத்தில் ஓடியது

பேட்டரி என்றதும் எல்லோருக்கும் கார் ஞாபகம்தான் வருகிறது. நான் செய்தது பேட்டரிக்குள் வைக்கிற, அப்பளத்தைவிட மெல்லிய ஒரு படலம். மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டினில் லித்தியம் உப்பைக் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காய வைப்பது. அதனுள் லித்தியம் அயனிகள் நன்றாக ஓடினால் எனக்கு டாக்டர் பட்டம். ஓடாவிட்டால் மண்ணாங்கட்டி. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது.

அம்மா வடலூர்ச் சபைக்குப் போகிறவள். வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று நான் சொன்ன அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் பேசினாள்.

"நாலு வூட்டுக்கு வெளிச்சம் வரும்னா செய்யி. ஆனா குளிச்சிட்டுத்தான் அடுப்பாண்ட வரணும்."

சிதம்பரத்தில் லேப், கடலூரில் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பின்பக்கம் போய்க் குளியல். காய்ச்சலானாலும் குளியல்தான். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

படலம் காய்ந்ததா என்று பார்க்க எங்கள் லேபில் வடாம் கணக்குதான். விரலில் ஒட்டாமல் உரிந்து வந்தால் காய்ந்துவிட்டது. சீனியர்கள் அப்படித்தான் பார்த்தார்கள், நாங்களும் அப்படியே. ஐப்பசி அடைமழையில் அளந்தபோது கடத்துதிறன் எகிறிக்கொண்டு போனது. கைடுக்கு வாயெல்லாம் பல். "அடிச்சிட்டம்மா!" என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்.

கடத்துதிறன் ஏதோ ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்லும்; உள்ளே ஓடுவது எது என்று காந்த ஒத்ததிர்வுக் கருவிதான் காட்டிக்கொடுக்கும். அது எங்களிடம் இல்லை. படலங்களை வெளியூருக்கு அனுப்பினோம். அங்கே முதலில் அப்படியே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு காற்றையெல்லாம் உறிஞ்சி, ஈரமே இல்லாமல் காய வைத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். காய்ந்த படலத்தில் லித்தியம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதுவரை அதை ஓட வைத்தது படலம் குடித்து வைத்திருந்த ஈரம். லித்தியத்துக்குத் தண்ணீர் ஆகாது; அந்தத் தண்ணீரோடு பேட்டரி செய்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

கைடு கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "இவ்ளோ நாளா நாம மழையத்தாம்மா அளந்திருக்கோம்," என்றார்.

திரும்ப ஆரம்பிக்க நாள் இல்லை. பாழாய்ப்போன கடற்காற்றைத் திட்டினேன், வடாம் கணக்கைத் திட்டினேன். பஸ்ஸில் அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலக் குளித்தேன். அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னேன். பட்டம் கிடைக்காது, பேட்டரியும் வராது, செய்ததெல்லாம் வீண் என்று. திட்டுவாள், இல்லை தேற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்த மாடுங்க?" என்றாள்.

தலை ஈரம் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.