சுரூபத்தைத் துடைத்த துண்டு

என் மனைவிக்குக் கடைசி மருந்து ஏற்றும் நாளை ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை என்று குறித்திருந்தார்கள். மார்பில் வந்த கட்டிக்கு ஐந்து முறை ஏற்றியாகிவிட்டது, இது ஆறாவது. அடையாறு டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இப்ப அவங்களுக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாதுன்னு வெச்சுக்குங்க. சளியோ காய்ச்சலோ வந்தா ஊசியைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும்."

நான்காவது முறை அப்படித்தான் மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இன்னொரு தடவை அது நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் ஒன்றை முடிவு செய்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள்.

கிருமி எந்தெந்தப் பொருளில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். வழவழப்பான ஸ்டீல், பிளாஸ்டிக்கில் ஒரு நாள், இரண்டு நாள்கூடத் தாங்கும் என்றார். துணியிலும் காகிதத்திலும் சில மணி நேரம். கையில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அதற்குள் நாம் மூக்கைத் தொட்டுவிடுவோம். பிறகு காற்றைப் பற்றியும் ஏதோ சொன்னார். அப்போது நான் 'ஸ்டீல்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து சாந்தோமில் எங்கள் வீட்டில் யுத்தம். கதவுக் கொண்டி, சுவிட்சு, டிவி ரிமோட், காலிங் பெல், எல்லாவற்றுக்கும் இரண்டு வேளை குளியல். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்ததில் ஒருநாள் காபியே நுரைத்தது. லிஃப்ட் பொத்தானை விரலால் தொடக் கூடாதென்று முழங்கையால் அழுத்தப் போய் அபாய மணியை அடித்துவிட்டேன். வாட்ச்மேன் மூன்று மாடி ஓடி ஏறி வந்தார். அவர் மூச்சு வாங்கியபோது, தூரமாக நின்று வாங்கும்படி கேட்டுக்கொண்டேன்.

தி. நகரில் ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்து மாட்டிக்கொண்டு, முகத்தைத் தொடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று மனைவிக்கு விளக்கினேன். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன், சுருக்கமாகப் பேச வராது.

"எட்டு," என்றாள்.

"என்ன எட்டு?"

"பேச ஆரம்பிச்சதுலேருந்து எட்டு தடவை மூக்கைத் தொட்டிருக்கீங்க. மீசையைத் தடவினதைச் சேர்க்கல."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பெரிய வெள்ளி ஞாபகம் வந்தது.

எங்கள் கோவிலில் பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்வது வழக்கம். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாதத்தை ஒவ்வொருவராக வந்து முத்தமிடுவார்கள். சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் வெள்ளைத் துண்டால் பாதத்தைத் துடைத்துவிடும் பொறுப்பு பதினான்கு வருடமாக என்னுடையது. அத்தனை பேருக்கும் ஒரே துண்டுதான். பாதம் வழவழப்பான பித்தளை. முன்னால் வந்தவரின் எச்சிலை நன்றாகத் தேய்த்துப் பரப்பி, பின்னால் வருகிறவருக்குப் பளபளவென்று தயார் செய்து தந்திருக்கிறேன், அதுவும் பக்தியோடு.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கொரோனா காலத்தில் முத்தியை நிறுத்தி, தலை வணங்கினால் போதும் என்று வைத்திருந்தார்கள். அதை மறுபடி கொண்டுவந்தே தீரவேண்டும் என்று சண்டை போட்டதும் நான்தான்.

பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். "ஃபாதர், இந்த வருஷம் முத்தி வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முத்தி இல்லாத பெரிய வெள்ளி பெரிய வெள்ளியே இல்லைன்னு இந்த மேஜையைத் தட்டினது யார் சார்?"

"நான்தான் ஃபாதர்."

"துண்டால துடைச்சா ஒரு கிருமி அண்டாதுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப ஜனங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. என்னை அடிக்க மாட்டாங்க, உங்களை அடிக்கலாம்."

பெரிய வெள்ளியன்று மைக்கில் சொன்னேன். பாதிப் பேர் காதில் விழவில்லை, மீதிப் பேர் விழாத மாதிரி நின்றார்கள். வரிசையில் முதல் ஆளே எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மா.

"இன்னா சாரே, ஆண்டவரு கால்ல சீக்கு கீதா?"

"ஆண்டவர்கிட்ட இல்லம்மா, என் துண்டுலதான். வருஷா வருஷம் உனக்கு முன்னாடி நின்னவங்க எச்சிலை உனக்குக் குடுத்தது நான்தான்."

அவள் யோசித்தாள். "போன வருசம் எம் முன்னால எங்க நாத்தனார்க்காரி நின்னா." முகம் கோணிப் போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்ல எப்டி கீறாங்க?" என்றாள்.

"திங்கக்கிழமை கடைசி ஊசி. அதுவரைக்கும் சளி பிடிக்கக் கூடாது."

அவள் கைகூப்பித் தலை வணங்கினாள். திரும்பி, "அல்லாரும் கும்ட்டுக்கினு போங்க, தொடாதீங்க," என்று என் மைக்கைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அதையும் மீறிக் குனிந்தவர்களிடமிருந்து சுரூபத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒன்றரை மணி நேரம். பாதத்தில் ஒரு உதடும் படவில்லை. நான் பேசுவது கேட்கவில்லை என்றார்கள், அதனால் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொருவரிடமும் முகத்துக்கு முகம் விளக்கினேன். அவர்கள் பாடினார்கள், சிலர் இருமினார்கள்.

சனிக்கிழமை காலை எனக்குத் தொண்டை கரகரத்தது.

டாக்டரம்மா காற்றைப் பற்றிச் சொன்னது என்னவென்று அப்போது புரிந்தது. கதவுக் கொண்டியையும் பித்தளையையும் பார்த்துக்கொண்டிருந்தவன், மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஊரையே மறந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் கிருமி நுழைய மிச்சமிருந்த ஒரே வழி நான். கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத பொருள் ஒன்று நின்றிருந்தது.

மாஸ்க்கைப் போட்டேன். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, வேளச்சேரியில் இருக்கும் மைத்துனிக்கு போன் செய்தேன். அவள் இங்கே வருவது, நான் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. மனைவி அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"திங்கக்கிழமை கூட வர மாட்டீங்களா?"

"வர மாட்டேன்."

அவளுக்கு மருந்து ஏற்றிய ஐந்து முறையும் நான் பக்கத்திலேயே இருந்தேன். நான் படியிறங்கினேன்.

இரண்டு நாள் வேளச்சேரியில் மைத்துனியின் சோபாவில் கிடந்தேன். காலையும் மாலையும் மைத்துனி போனில் மனைவியின் ஜுரக்கணக்கு சொன்னாள். எனக்கு மூக்கு ஒழுகியது. மனைவிக்கும் தொற்றியிருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன், உட்கார்ந்தால் நினைப்பு அதிகமாகிறது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அடையாறில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில், இளநீர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி, மாஸ்க்கோடு நின்றேன். இளநீர்க்காரர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். பத்தே காலுக்கு போன் வந்தது. மைத்துனி இல்லை, மனைவியே பேசினாள்.

"ஜுரம் இல்ல. ரத்தமும் சரியா இருக்காம். இப்பதான் ஏத்த ஆரம்பிச்சாங்க."

மாஸ்க்குக்குள் மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம் என்று அவள் நினைத்திருக்கலாம்.

"நாலு மணி நேரம் ஆகும். நீங்க வேளச்சேரிக்குப் போய்ப் படுங்க."

"சரி," என்றேன்.

இரண்டே கால் வரை அங்கேயே நின்றேன்.