தம்பி மிதிக்க வந்த நாள்

மனைவி இறந்த மறு வருடம், பழங்காநத்தத்தில் தனியாக இருந்தேன். லாரித் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அசைந்தால் எலும்பு விலகிவிடும் என்று பயந்து நாள் கணக்கில் பாயிலேயே கிடந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

எப்படியோ கேள்விப்பட்டு, பரவையிலிருந்து தம்பி வந்தான். அங்கே சந்தையில் காய்கறி வியாபாரம். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகாததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. பிறக்கும்போது அவனுக்குக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவனைத் தேடி ஆட்கள் வருவார்கள். என்னிடம் அவனே வந்தான். குழாயடியில் கால் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டினான்.

“குப்புறப் படுண்ணே. மூணே மிதி. எந்திரிச்சு ஓடிருவ.”

“போடா, நான் படிச்சவன்.”

“நீ படிச்ச, சரி. இடுப்பு படிக்கலையேண்ணே.”

சிரித்திருக்கலாம். “என்னைய மிதிக்க எம்புட்டு நாளாடா காத்துக்கிட்டு இருந்த?” என்று கேட்டுவிட்டேன்.

வேட்டியை இறக்கிவிட்டான். “வாரேண்ணே” என்று மட்டும் சொன்னான். தரையில் அவனுடைய ஈரக் கால்தடம் காய வெகுநேரம் ஆனது.

கோரிப்பாளையத்து டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார். படுத்தே கிடந்ததுதான் தப்பு, வலித்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள் என்றார். யாரையும் மிதிக்க விடவில்லையே என்றும் கேட்டார். இல்லை என்றதும், “நல்ல வேளை” என்றார்.

ஆக, நான் சொன்னதுதான் சரி. அந்தச் சரியோடு பைபாஸ் ரோட்டில் தினமும் தனியாக நடந்தேன். வலி குறைந்தது. மிதிக்க விடாவிட்டாலும் அவனை உட்காரச் சொல்லியிருக்கலாம் என்பது அந்த நடையில்தான் உறைத்தது.

சில மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்கப் பரவைக்குப் பஸ் ஏறினேன். சந்தையில் தம்பி காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, “உக்காரு” என்றான். டீ வாங்கித் தந்தான். பிறகு வியாபாரத்தைப் பார்த்தான். வெகுநேரம் உட்கார்ந்ததில் இடுப்பு இறுகியது. எழுந்தேன்.

“கெளம்பிட்டியா? பஸ் நிக்கிது, போ.”

“போகலடா. உக்காந்தா வலிக்குது. நின்னுக்கிறேன்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தான். சந்தை கலையும் வரை பக்கத்தில் நின்றேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.