டோன் மாமாவும் பழைய வால்வு ஆம்பும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வைத்த பெயர் டோன். அவரைக் கிதார் வாசிப்பவர் என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும். அவர் கிதாரின் டோனை, அதாவது அதன் ஒலியின் தன்மையைத் தேடுகிறவர். தேடுகிறவருக்கு வாசிக்க எங்கே நேரம்? பகலெல்லாம் ஆப்செட் மெஷின் ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டுவார். பிறகு யாரோ சாவுச் செய்தி சொன்ன மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

அச்சகத்து ஆட்களுக்கென்று ஓர் இசைக் குழு உண்டு. பைண்டிங்காரர் டிரம்ஸ், கணக்கர் கீபோர்டு, மாமா கிதார். போன ஆண்டு விழாவில் மாமாவின் கிதார் முன்வரிசையின் காதைக் கிழித்துவிட்டது என்று புகார் வந்தது. இந்த வருடம் வேறு ஆளைப் போடப் போகிறோம் என்று பைண்டிங்காரர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கிண்டலை விட்டுச் சொல்கிறேன், மனிதர் உடைந்து போனார். அந்தக் குழுவை எடுத்துவிட்டால் அவருக்கு மெஷினும் மையும்தான் மிச்சம். கெஞ்சிக் கூத்தாடி, "ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று சம்மதம் வாங்கினார்.

கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்புதான் குற்றவாளி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "அந்த ட்ரான்சிஸ்டர் ஆம்புல உயிரே இல்லடா. வால்வு ஆம்பு வேணும். பழசு வேணும்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாமா வேறு கூடமே வாங்கப் புறப்பட்டார்.

மூடிப்போன ஒரு ஹோட்டலின் கிடங்கில் அது கிடைத்தது. கறுப்புத் தோல் உரிந்து, கைப்பிடி அறுந்து, ஒரு ஆள் கனத்தில் இருந்தது. இதைத் தூக்க ஒரு மச்சினன் வேண்டும் என்றுதான் என் அக்காவைக் கட்டினாரோ என்று பாதிப் படியில் எனக்குத் தோன்றியது. வீட்டில் சுவிட்சைப் போட்டதும் உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. பெற்ற பிள்ளையைக்கூட மாமா அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கம்பியைத் தட்டினார்.

"மந்தமா இருக்குடா. போர்வைய போத்திக்கிட்டு பாடுற மாதிரி இருக்கு."

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என் கருத்தை யார் கேட்டார்கள்? ரேடியோ மெக்கானிக் வந்தார். வால்வுகளை மாற்றினார், மந்தம். கண்டன்சர்களை மாற்றினார், மந்தம். ஸ்பீக்கரையே மாற்றினார், கொஞ்சம் மந்தம். கீச்சு ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழ் எப்போதோ கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது. மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், இதுக்கு மேல கூர்மையாக்கினா ஆம்பு விசில் அடிக்கும்."

"அடிச்சா நான் பாத்துக்கறேன். நீங்க ஆக்குங்க."

இந்த ஆராய்ச்சி நடக்கும்போது அக்கா அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். என்னங்க, பால் பொங்குது. என்னங்க, வாசல்ல யாரோ மணி அடிக்கிறாங்க. மாமா திரும்பவே மாட்டார். "நான் சொல்றதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு. ஆம்புன்னா மட்டும் பாம்புக் காது" என்று அவள் என்னிடம் பொருமுவாள். நானும் விடாமல் எண்ணெய் ஊற்றுவேன். அவர் வைக்கிற டிவி சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் டிவியைப் போடாமலே செய்தி கேட்டுக்கொள்வார். மெஷின்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், அது தொழில் பழக்கம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

குழு வந்தது. மாமா சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். மெக்கானிக் கடைசியாக ஒரு கண்டன்சரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமா சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேறின. அப்போது ஆம்பிலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பி, ஊசி மாதிரி காதுக்குள் இறங்கியது. பைண்டிங்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கணக்கர் எழுந்தே விட்டார். தெருவில் ஒரு நாய் ஊளையிட்டது.

மாமா எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"கேட்டீங்களா? ஒரு இரைச்சல் உண்டா? எவ்ளோ அமைதியா நிக்குது பாருங்க!"

நாங்களும் சிரித்தோம். டோன் நகைச்சுவைகூடச் செய்வார் போலிருக்கிறது என்று நினைத்தோம். "விளையாடாதீங்க, டோன், அதை அணைங்க" என்றார் கணக்கர். மாமாவின் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. அவருக்கு எதுவும் புரியவில்லை.

அக்கா ஈரக்கையோடு ஓடி வந்து குமிழைத் திருகினாள். விசில் நின்றது. மாமா விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் தொட்டே? மறுபடி மந்தமாயிடுச்சு" என்றார். அக்கா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தாள். பிறகு, அங்கிருந்தே, வழக்கமான குரலில் சொன்னாள்.

"என்னங்க, பால் பொங்குது."

அடுப்பில் பாலே இல்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. மாமா குனிந்து கிதாரின் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பைண்டிங்காரர் தரையைப் பார்த்தார். எங்கள் முகங்கள் போன போக்கைக் கண்டு மாமா நிமிர்ந்தார்.

"என்ன? ஆம்பு சரியில்லையா?"

அக்கா முன்னால் வந்து அவருக்கு நேராக உட்கார்ந்தாள். தன் உதட்டை அவர் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஆம்பு நல்லா இருக்கு. அது விசில் அடிச்சுது. உங்களுக்குத்தான் கேக்கல."

மாமா ஆம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கிதாரைக் கழற்றப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க. வாசிங்க. குமிழை நான் பாத்துக்கறேன்."

வாசித்தார். பல மாதங்களுக்குப் பிறகு, நடுவில் நிறுத்தாமல், ஒரு முழுப் பாட்டு. விரல்களில் ஒரு குறையும் இல்லை. ஆம்பும் நல்ல ஆம்புதான், பாவம், அதைப் போய் இத்தனை அறுவை சிகிச்சை செய்தோம். பாட்டு முடிந்ததும் பைண்டிங்காரர், "ஆண்டு விழாவுக்கு அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் அக்கா மேடையேறினாள். ஆம்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குமிழில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மாமா கூட்டத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே வாசித்தார். வீட்டில் மற்ற எல்லாக் குமிழ்களும் ஏற்கெனவே அவள் கையில்தான் இருந்தன, ட்ரெபிள் ஒன்றுதான் பாக்கி. முன்வரிசையில் யாரும் காதைப் பொத்தவில்லை.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனார்கள். இத்தனை வருட மெஷின் சத்தம் தின்றது போக மீதி இருப்பதற்கு ஒரு கருவி கொடுத்தார். மாமா அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, கம்பியைத் தட்டி, பழையபடி முகத்தைத் தொங்கப் போட்டார்.

"இதோட டோன் சரியில்ல."

அடுக்களையிலிருந்து அக்காவின் சங்கு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, அவர் தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகு சொன்னாள்.

"பழகிடும்."