ஆத்தோரத் திடலின் ஒன்றேகால் அடி

தோட்டங்களுக்கிடையிலான கூடைப்பந்து லீக்கின் விதிப்புத்தகம், ஆறாம் விதி: பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் திடலின் எல்லாக் கோடுகளையும் ஸ்கோரர் இரும்பு நாடாவால் அளந்து, அளவைப் பதிந்து, கையெழுத்திட வேண்டும். இருமுறை வாசிக்கத் தேவையில்லாத விதிகள் அந்தப் புத்தகத்தில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இந்த விதியைப் பின்பற்றியிருந்தால், எழுபத்திரண்டு வயதில் நான் ஒரு சனிக்கிழமைக் காலையைக் காரில் கழித்திருக்க வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். அம்பாங்கானில் புதிதாகக் கட்டிய விளையாட்டு மண்டபத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்போகிறார்கள். நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களின் எக்காலத்துக்கும் சிறந்த கூடைப்பந்துக் குழு என்று ஒரே ஒரு பெயர் அதில் இருக்கும். பலகைக் குழு ஆத்தோரத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. எண்பதுகளின் அணி அது. எழுபதுகளில் தொடர்ந்து கோப்பை வாங்கிய ஏழாங்கட்டைத் தோட்டத்தை அது நேருக்கு நேர் இறுதியாட்டத்தில் வென்றது என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஆத்தோரத்தாரின் படம் கலர்ப் படம், ஏழாங்கட்டையாரின் படம் கறுப்பு வெள்ளை என்பது எழுதப்படாத காரணம். குழு உறுப்பினர் ஒருவர் தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் ஜூலை 15.

இரண்டு தோட்டங்களுக்கும் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர்கள் உண்டு. நம்மவர்கள் அவற்றைச் சொன்னதில்லை. மைலைக் கட்டை என்பார்கள். ஏழாவது மைலில் இருந்தது ஏழாங்கட்டை. ஆற்றை ஒட்டி இருந்தது ஆத்தோரம். அதன் ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபது வயதிலிருந்து லீக்கின் ஸ்கோரர் மேசையும் என்னுடையது.

ஜூலை 12, காலை 7.30. அம்பாங்கானில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. பாதி நாள் வாடகை நூற்றிருபது வெள்ளி. ஓட்டுநர் தேவிக்கு நாற்பது வயதிருக்கும். பள்ளி நாட்களில் நெட்பால் ஆடியவர். என் மடியிலிருந்த இரும்பு நாடாவைப் பார்த்து, "நிலம் வாங்கப் போறீங்களா அங்கிள்?" என்று கேட்டார். இல்லை, ஒரு கோட்டை அளக்கப் போகிறேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. வாடகைக்காரர்களின் பைத்தியங்களுக்குப் பழகியவர் போலும்.

8.10, மந்தின். பதினெட்டுக் கிலோமீட்டர். கடைவீதிக்குப் பின்னாலுள்ள மலிவு வீட்டு வரிசையில் சவரிமுத்து சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தயாராக நின்றார். ஏழாங்கட்டையின் கேப்டன், எழுபத்தாறு வயது, இன்றும் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம்.

"யோவ் கிராணி, எட்டு மணின்ன. பத்து நிமிஷம் லேட்டு."

"மாமன்றச் சாலையில நெரிசல்."

"இதையே நாங்க பெரட்டுக்கு வந்து சொன்னா ஒரு நாள் சம்பளத்த வெட்டுவீங்க கிராணிங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு.

வழியெல்லாம் அவர் தன் காலத்தைப் பேசினார். காலையில் நானூறு ரப்பர் மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஆடிய ஐந்து பேர். அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான்.

"நான் பாதித் திடல்லேர்ந்து போடுவேன்மா. அதுக்கும் ரெண்டு, வளையத்துக்கு அடியில நின்னு போடறவனுக்கும் ரெண்டு. இது நியாயமா?"

"அப்பறம் ஏன் அங்கிள் தூரத்துலேர்ந்து போட்டீங்க? கிட்டப் போக வேண்டியதுதானே லா," என்றார் தேவி.

சவரிமுத்து கார் ஜன்னலை இறக்கிவிட்டார்.

9.20, சுங்கை காடுட். தொழிற்சாலைகளின் வாசலில் காலை ஷிப்ட் அடங்கியிருந்தது. மூலைக் கடையில் ரொட்டி சானாய் ஒரு வெள்ளி எண்பது காசு, தே தாரேக் இரண்டு வெள்ளி இருபது காசு. அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவர் கோபால். ஆத்தோரத்தின் கேப்டன், அறுபத்திரண்டு வயது. தோட்டத்தை விட்டபின் இங்கேயே ஓர் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கூப்பிட்டால் வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. தன் பெயருக்கு எதிராக அளக்க வரும் நாடாவைப் பிடிக்க யாருக்கு மனம் வரும்?

"வாங்கண்ணே. இன்னும் உயிரோட இருக்கீங்களா?"

"உன் பேர பலகையில போட்டுட்டு என் பேர விட்டா நான் எப்படிடா சாவறது?"

பிறகு ரொட்டி ஆறும்வரை விவாதம். உங்கள் காலத்தில் எதிரணிகளே நான்குதான் என்றார் கோபால். உங்களுக்குக் கம்பெனி காலணி வாங்கிக் கொடுத்தது, நாங்கள் வெறுங்காலில் சிமெண்டில் ஓடினோம் என்றார் சவரிமுத்து. இறுதியாட்டத்தில் எங்களுக்குச் சராசரி இருபத்து மூன்று வயது என்றார் கோபால். எனக்கு முப்பத்தேழு, அப்படியும் ஒரே ஒரு புள்ளியில்தானே தோற்றோம் என்றார் சவரிமுத்து.

அந்த ஆட்டத்தின் தாள் என் பையில் இருந்தது. ஆத்தோரத் திடலில், மூன்று புள்ளிக் கோடு வந்த முதல் பருவத்தில் நடந்தது. கடைசி நொடியில் ஏழாங்கட்டை 62, ஆத்தோரம் 60. கோபால் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட கடைசிப் பந்துக்கு மூன்று. 63க்கு 62. அந்தக் கோடு வளையத்துக்குக் கிட்ட இருந்தது என்று ஏழாங்கட்டையார் அன்றிலிருந்தே சொல்லிவருகிறார்கள்.

"கிராணி, எனக்குக் கப்பு வேணாம்," என்றார் சவரிமுத்து. "அது ரெண்டுதான்னா ஆட்டம் சமம். மேல அஞ்சு நிமிஷம் ஆடியிருக்கணும். அந்த அஞ்சு நிமிஷத்த எவன் எடுத்துகிட்டான்னு எனக்குத் தெரியணும்."

10.25. ஆத்தோரத்தில் ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை. பாலைச் சேர்த்து வைக்கும் ஸ்டோர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் திடல் மட்டும் வெடிப்புகளில் புல் முளைத்துக் கிடந்தது. ஒரு பக்கத்துக் கம்பமும் துருப்பிடித்த வளையமும் மிச்சம். தான் அந்தக் கடைசிப் பந்தைப் போட்ட பக்கம் அதுவே என்று கோபால் காட்டினார். சுண்ணாம்புக் கோடு மழையில் அழிகிறதென்று மூன்று புள்ளிக் கோட்டை உளியால் கொத்தி வைத்திருந்தார்கள். பள்ளம் அப்படியே இருந்தது.

கோபால் தன் சாவிக்கொத்தை நூலில் கட்டி, குச்சியால் வளையத்தின் நடுவில் பிடித்துத் தொங்கவிட்டார். சாவி தொட்ட இடத்தில் தேவி நாடாவின் நுனியை அழுத்தினார். நான் மறுநுனியைப் பள்ளத்துக்கு இழுத்தேன். விதிப்படி ஆறேகால் மீட்டர், அதாவது இருபதரை அடி. நாடா காட்டியது பத்தொன்பதேகால்.

மூன்று இடங்களில் அளந்தோம். ஒன்றேகால் அடி குறைவு, எல்லா இடத்திலும்.

"எதை வச்சு அளந்தீங்கடா?" என்றார் சவரிமுத்து.

கோபால் சாவியை நூலிலிருந்து அவிழ்த்தார். "கன்னு நடற கயிறுண்ணே. வரிசைக்கு வரிசை இருபது அடின்னு முடிச்சு போட்டிருக்கும்ல. அரை அடி வித்தியாசம்தானேன்னு விட்டுட்டோம்."

"மிச்ச முக்கா அடி?"

"கயிறு மழையில நனைஞ்சு கெடந்துச்சு. சுருங்கியிருக்கும்."

நாடாவைக் கண்டவர்கள் நாடாவால் அளந்திருப்பார்கள். இவர்கள் ஆயிரம் ஏக்கரை அந்தக் கயிற்றால் அளந்து நட்டவர்கள். மரங்கள் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

"கடைசிப் பந்துக்கு உன் கால் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கோபால் நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். யோசிக்கவில்லை. காலணி நுனி பள்ளத்தை உரசிக்கொண்டு நின்றது. "இங்க. நெறைய நாள் கனவுல வந்திருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா கிராணி சார், கோடு சரின்னு கையெழுத்து போட்டது நீங்கதானே?"

உண்மை. என் ஆபீசிலிருந்து திடல் நூறடி. அலமாரியில் புத்தம்புதிய நாடா இருந்தது. அன்று சம்பள நாள்; படிவத்தை மேசையிலேயே நிரப்பினேன். அளவு சரி என்று எழுதி, தேதி போட்டு, அழகாகக் கையெழுத்திட்டேன். மற்றவர்களின் படிவங்களை ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பியவன் நான்.

சவரிமுத்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அந்த அஞ்சு நிமிஷம் உன்கிட்டதான் இருந்துச்சா," என்று மட்டும் சொன்னார்.

காரின் பானெட்டின் மேல் வைத்து ஆட்சேபத்தை எழுதினேன். திடலின் அளவு, கயிற்றின் கதை, கடைசிப் பந்து, என் பொய்யான சான்று. இரண்டு கேப்டன்களும் கையெழுத்திட்டார்கள். சாட்சியாகத் தேவி. கோபால் பேனாவைத் திறக்க நேரமெடுத்தார்.

"பேரப் பசங்ககிட்ட சொல்லிட்டேன் பலகையில பேர் வருதுன்னு," என்றார். சொல்லிக்கொண்டே போட்டார்.

12.40க்குத் திரும்பினோம். வழியில் எந்தக் காலம் பெரியது என்று மறுபடி தொடங்கினார்கள். எங்கள் பேட்டையில் உள்ளூர்க் குழுக்களைப் பற்றி இப்படிச் சண்டை போட யாரும் இல்லை. தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கர்களைப் பற்றித்தான் பேச்சு. அமெரிக்கர்களின் கோட்டை யாரோ சரியாக அளந்திருப்பார்கள்.

ஜூலை 14, திங்கள், மனுவைப் பலகைக் குழுவின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். பதினான்கு நாட்களில் பதில் என்று அவர்கள் அறிவிப்பிலேயே இருந்தது. பதினைந்தாம் நாள் போனேன். முப்பதாம் நாள் போனேன். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனேன். முகப்பிலிருந்த பெண் எனக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கினாள்.

பதில் நான்கு வரிகள். இறுதியாட்டத்தின் முடிவு ரத்து. ஆட்டம் 62க்கு 62 என, முடிவுறாததாகப் பதியப்படும். பலகையில் இரண்டு தோட்டங்களின் பெயரும் அந்த எண்களோடு இடம்பெறும். ஆட்ட அதிகாரிகளின் பெயர் இடம்பெறாது. கடைசி வரியைத் தொலைபேசியில் வாசித்தபோதுதான் சவரிமுத்து சிரித்தார்.

கடிதம் கைக்கு வந்த தேதி செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை.