மெமரியா, புரோகிராமா?

கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கோளாறு உடனே தெரிந்துவிடுகிறதென்று மெக்கானிக் அதற்கு ஒரு கும்பிடு போடலாம். அவ்வப்போது மட்டும் கெடுகிற மிஷினோடு மாரடித்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

ஆள் வந்தால் அடங்கும்

எழுபதுகளின் கடைசி. அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். தினம் இரண்டு முறையாவது அதை நடத்துகிற அடிப்படை புரோகிராமே செத்து, எல்லா வேலையும் பாதியில் நிற்கும். அதைப் பழுது பார்க்கும் நான் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால் சமர்த்தாக ஓடும். கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பியூன் சைக்கிளில் துரத்தி வருவார். ஆபரேட்டர் சலீம், தருமபுரிக்காரர், ஒருநாள் சொன்னார்: "நீங்க இருந்தா அதுக்குக் காய்ச்சலே வர்றதில்லைங்க. ஒரு கட்டில் வாங்கிப் போட்டுடறோம், இங்கியே இருந்துக்குங்க."

விளக்குகள் சொன்ன சேதி

தொழிற்சாலை மேனேஜர் ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கையால் எழுதும் ரிஜிஸ்டருக்கே போய்விடுவார்களாம். மிஷின் நிற்கும்போது முகப்பில் எரியும் விளக்குகள், மிஷினின் ஞாபகமான மெமரியில் எந்த இடத்தில் தடுக்கியது என்று காட்டும். அதை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கச் சொன்னேன். சலீம் குறித்ததை வரிசையாகப் பார்த்தேன். ஓடிய வேலைகள் வேறு வேறு. தடுக்கிய இடமெல்லாம் அட்டைகள் மாதிரி வரிசையாகச் செருகியிருந்த மெமரி போர்டுகளில் இரண்டாவதிலேயே. அப்படியானால் கோளாறு புரோகிராமில் இல்லை, மெமரியில்.

உறுதிசெய்ய, முதல் போர்டையும் இரண்டாவதையும் இடம் மாற்றிச் செருகினேன். போர்டுதான் குற்றவாளி என்றால் கோளாறும் கூடவே இடம் மாற வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மிஷின் நின்றது. விளக்குகள் முதல் இடத்தைக் காட்டின! நாற்காலியை விட்டுத் துள்ளிவிட்டேன். கதவருகே நின்ற மேனேஜர் சொன்னார்: "மிஷின் நின்னதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை இப்பதானுங்க பாக்கறேன்."

கெடுவின் கடைசி நாள்

புதுப் போர்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து மாட்டினேன். ஒரு நாள் ஓடியது. மறுநாள், கெடு முடிகிற அன்று, மறுபடி மறுபடி நின்றது. கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கார்டுகளில் ஓட்டை போட்டு பஞ்ச் பண்ணும் ஸ்டெல்லாதான் மெல்லச் சொன்னார், பக்கத்து அலமாரிக் கதவை அவர் சாத்தும்போதெல்லாம் அது நிற்கிறதென்று. மிஷினின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், புதுப் போர்டு ஒரு நூல் வெளியே நின்றுகொண்டிருந்தது. அவசரத்தில் நான் முழுதாகச் செருகவில்லை. கட்டை விரலால் அழுத்தினேன். அலமாரியைப் பத்து முறை அடித்துச் சாத்தினோம், மிஷின் அசையவில்லை. ஸ்டெல்லா சொன்னார்: "எங்க வூட்டு ரேடியோவும் இப்படித்தாங்க சார், அழுத்திவுட்டாப் பாடும்."

அடுத்த மாதம் போனபோது மேனேஜர் என்னிடம், "நீங்க யாருங்க?" என்று கேட்டார். மிஷினுக்கு ஞாபகம் தவறினால் போர்டை மாற்றிவிடலாம், எல்லாம் சரியான பிறகு நம் பெயரை மறந்துபோகிற மேனேஜர்களுக்குத்தான் மாற்றுப் போர்டு கிடைப்பதில்லை.